பதினைந்து ஆமைகளின் தீவுக்கு

முதல் நாள் – பால்ட்ரா, புவெர்டோ அயோரா

விமானம் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது பணிப்பெண்கள் தலைக்கு மேலிருந்த பெட்டிகளைத் திறந்து, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பூச்சிமருந்து தெளித்தார்கள். அதற்கு முன்பே எக்வடோரின் குவாயாகில் விமான நிலையத்தில் பைகளைச் சோதித்து முத்திரை போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு விதை, ஒரு பூச்சி, ஒரு காய்கூடக் கலாபகோஸ் தீவுகளுக்குள் போகக்கூடாது. அம்மா கட்டிக் கொடுத்த மிளகாய் வற்றல் பொட்டலம் மதுரையிலிருந்து அதுவரை எப்படியோ வந்துவிட்டது, அங்கே நின்றுபோயிற்று. மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டேன். வற்றலுக்குள் இருப்பதும் விதைதானே.

எக்வடோர் நாட்டின் கரையிலிருந்து சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக் கடலில் இருக்கின்றன இந்தத் தீவுகள். 'கலாபகோ' என்றால் பழைய ஸ்பானிய மொழியில் ஆமை. ஆமையின் பேரையே வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு ஆமையைப் பார்க்கத்தான் நானும் தம்பியும் வந்திருக்கிறோம். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்காதவர்கள் இல்லை. 2020 ஜூன் மாதம், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நாளில் ஒரு புகைப்படம் பார்த்தேன். முட்செடிகளுக்கு நடுவே சிலர் வரிசையாக நடக்கிறார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு பெரிய ஆமை, குழந்தையைத் தூளியில் கட்டியதுபோலக் கட்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிடித்துப்போன ஆமைகளை அவற்றின் சொந்தத் தீவான எஸ்பன்யோலாவில் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தது. பணம் சேர இத்தனை காலம் ஆகிவிட்டது.

பால்ட்ரா சின்னத் தீவு, விமான நிலையத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 200 டாலர். 2024 ஆகஸ்ட் வரை 100 டாலராக இருந்ததை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். எங்களுக்கு அது பெரிய தொகைதான். ஆனாலும் வரிசையில் நின்றபோது எனக்கு வேறொரு நினைப்பு ஓடியது. 2021 மார்ச் மாதம் இதே விமான நிலையத்தில் ஒரு பெட்டியைக் கருவியில் விட்டுப் பார்த்தபோது உள்ளே உருண்டை உருண்டையாக என்னவோ தெரிந்திருக்கிறது. திறந்தால் 185 ஆமைக் குஞ்சுகள், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள். பத்துக் குஞ்சுகள் அப்போதே செத்துப்போயிருந்தன. ஒரு காலத்தில் ஆமைகளைக் கப்பலில் அள்ளிப்போன திமிங்கில வேட்டைக்காரர்கள் போனதோடு ஆமைகளின் கஷ்டம் தீர்ந்துவிட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிடப் படகுப் பயணம், அந்தக் கரையில் சாண்டா குரூஸ் தீவு. அங்கிருந்து பேருந்து. முதலில் இலையே இல்லாத வெள்ளை மரங்களும் கள்ளியும் நிற்கும் காய்ந்த நிலம். ஏற ஏறப் பச்சை. உச்சிக்குப் போனதும் மேகம் சாலையிலேயே இறங்கி நின்றது. கண்ணாடியெல்லாம் பொடித்தூறல். உள்ளூரில் 'கருவா' என்கிறார்கள். நமக்கு அது சாரல், அசல் குற்றாலச் சாரல். தெற்கே இறங்கியதும் மறுபடி வெயில், கள்ளி, கடல். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஊர் பார்த்த மாதிரி இருந்தது. புவெர்டோ அயோராவில் மீன் விற்கும் மேடைக்குக் கீழே ஒரு கடல்சிங்கம் துண்டுக்காகக் காத்திருந்தது. இன்றைக்கு இவ்வளவுதான். கண் இழுக்கிறது.

இரண்டாம் நாள் – இனப்பெருக்க மையம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

ஊர்க் கோடியில் சார்லஸ் டார்வின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1964-ல் திறந்தது. அதை ஒட்டித் தேசியப் பூங்கா நடத்தும் ஆமை இனப்பெருக்க மையம். அதற்கு ஃபாஸ்டோ யெரேனா என்று ஒரு பூங்காக் காவலரின் பேரை வைத்திருக்கிறார்கள். அதிகாரி பேரோ அமைச்சர் பேரோ இல்லை, பல ஆண்டுகள் ஆமைக்குத் தீனி போட்டு வளர்த்தவரின் பேர். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் போனது தீனி நாள். வாரத்தில் மூன்று நாள்தான் தீனியாம். சிமெண்டுத் தளத்தில் பெரிய பெரிய இலைகளைக் கட்டுக் கட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். கிட்டே போய்ப் பார்த்தால் சேப்பங்கிழங்கு இலை மாதிரியே இருக்கிறது. 'ஓட்டோய்' என்கிறார்கள், அதே குடும்பச் செடி. ஆமை அதை அவசரமில்லாமல் தின்றது. தலையை முன்னால் நீட்டி, இலையின் விளிம்பைக் கவ்வி, முன்னங்காலால் மிதித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுக்கிறது. இலை கிழிகிறது. பல் கிடையாது, தாடையின் கூர்விளிம்புதான். நடுநரம்பு வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறது.

குஞ்சுகள் இருக்கும் கூண்டுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. முதல் வயதுக் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓட்டின் மேல் சாயத்தில் எண் எழுதியிருக்கிறது. எந்தத் தீவின் குஞ்சு என்பதற்கு ஒரு நிறம். கலந்துவிடக்கூடாது, தீவுக்குத் தீவு ஆமை வேறு. சிலர் இவற்றைப் பத்துப் பன்னிரண்டு தனி இனங்கள் என்கிறார்கள், சிலர் ஒரே இனத்தின் கிளைகள் என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் பின்சோன் தீவின் ஆமையை எஸ்பன்யோலாவில் விட முடியாது. 1835-ல் டார்வின் இங்கே வந்தபோது, எந்த ஆமையைக் காட்டினாலும் அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியும் என்று துணை ஆளுநர் லாசன் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஈரமான, உயரமான தீவுகளில் ஓடு கும்பாவைக் கவிழ்த்தது போலிருக்கும். வறண்ட, தாழ்ந்த தீவுகளில் ஓட்டின் முன்பக்கம் குதிரைச் சேணம் போல மேலே வளைந்து நிற்கும், கழுத்து நீளம். தலைக்கு மேலிருக்கும் கள்ளியை எட்டித் தின்ன வேண்டுமே.

முட்டைகளைத் தீவிலிருந்து எடுத்து வருவதே பெரிய வேலை. டென்னிஸ் பந்து அளவு முட்டை. மண்ணுக்குள் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கத்தில் குறி போட்டு, இங்கே வந்து இன்குபேட்டரில் வைக்கும் வரை அது மேலேயே இருக்கும்படி எடுத்து வர வேண்டும். புரட்டிவிட்டால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். அப்புறம் வெப்பம். 28 டிகிரியில் வைத்தால் ஆண், 29.5 டிகிரியில் வைத்தால் பெண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். ஒவ்வொரு தீவுக்கும் பெண்கள் கூடுதலாகக் கிடைக்கும்படி வைக்கிறார்கள். பொரிந்த குஞ்சுகளைச் சில வாரம் இருட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். காட்டிலாயிருந்தால் மண்ணுக்குள் அந்த இருட்டில்தானே முட்டிமோதி மேலே வந்திருக்கும் என்று. நாலைந்து வயது வரை வளர்த்த பிறகு, எலி கடித்தாலும் தாங்கும் அளவுக்கு ஓடு கெட்டியானதும் தீவில் விடுவார்கள்.

எலி என்று சும்மா சொல்லவில்லை. பின்சோன் தீவில் கப்பல்கள் விட்டுப்போன எலிகள் பொரிந்த குஞ்சுகளை ஒன்றுவிடாமல் தின்றன. கிழட்டு ஆமைகள் நூறு சொச்சம் இருந்தன, முட்டையும் இட்டன, ஆனால் ஒரு பிள்ளைகூட வளரவில்லை. 1965 முதல் முட்டைகளை இங்கே கொண்டுவந்து பொரிக்க வைத்துத் திருப்பி அனுப்பி வந்திருக்கிறார்கள். 2012 டிசம்பரில் ஹெலிகாப்டரில் மருந்து தூவி எலிகளை ஒழித்தார்கள். 2014 டிசம்பரில் போய்ப் பார்த்தால் தீவிலேயே பிறந்த குஞ்சுகள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து முதல்முறையாக.

இப்போது எஸ்பன்யோலாவின் கதை. 1963-க்கும் 1974-க்கும் இடையில் அந்தத் தீவு முழுக்கத் தேடியதில் கிடைத்தவை பதினாலு ஆமைகள். பன்னிரண்டு பெண், இரண்டு ஆண். சுமார் 60 சதுர கிலோமீட்டர் தீவில் இவ்வளவே. ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத தூரத்தில் கிடந்திருக்கின்றன. எப்படித் தெரியும் என்றால், பெண் ஆமைகளின் முதுகில் பாசி படர்ந்திருந்ததாம். இணை சேர்ந்திருந்தால் ஆண் ஏறி ஏறி அந்த இடம் தேய்ந்திருக்கும். ஆண்டுக்கணக்காக யாரும் தொடாத ஓடு. வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பதினைந்தாவது ஆமை அமெரிக்காவில், சான் டியகோ மிருகக்காட்சிசாலையில் இருந்தது. 1930-க்கு முன்பின் யாரோ எஸ்பன்யோலாவிலிருந்து எடுத்துப்போன ஆண். 1970-களின் பிற்பகுதியில் திரும்பி வந்தது, டியகோ என்றே பேராயிற்று. பிறகு நடந்ததுதான் உலகத்துக்கே தெரியும். இந்தப் பதினைந்தின் பிள்ளைகளில் ஏறக்குறைய 2000 ஆமைகளை எஸ்பன்யோலாவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நாற்பது சதவீதத்துக்கு டியகோ அப்பா. பத்திரிகைகள் டியகோவை நாயகனாக்கிவிட்டன. ஆனால் அறுபது சதவீதத்துக்கு அப்பா இன்னொரு ஆண். இ5 என்ற எண்ணைத் தவிர அதற்குப் பேரே இல்லை. எனக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம்.

2020 ஜனவரியில் இனி இங்கே வளர்க்க வேண்டாம், தீவில் தானே பெருகுகின்றன என்று திட்டத்தை முடித்தார்கள். ஜூன் 15 அன்று பதினைந்தும் வீடு திரும்பின. போவதற்கு முன் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், வயிற்றில் இருக்கும் வேற்றுத் தீவு விதையெல்லாம் வெளியேறட்டும் என்று. என் மிளகாய் வற்றலுக்கு என்ன சட்டமோ டியகோவுக்கும் அதே சட்டம். படகில் போய் இறங்கி, அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். நான் பார்த்த படம் அந்த நடை.

கடைசியாக 'தனியன் ஜார்ஜ்'. பிண்டா தீவின் கடைசி ஆமை. 1971 நவம்பர் 1 அன்று நத்தைகளை ஆராய வந்த ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். மறு ஆண்டு இங்கே கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டு துணை தேடினார்கள், பிண்டாவின் பெண் ஆமை உலகில் எங்கும் இல்லை. வேறு தீவுகளின் பெண் ஆமைகளோடு வைத்துப் பார்த்தார்கள், முட்டைகள் கூழாகிப்போயின. 2012 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை காலை ஜார்ஜ் இறந்து கிடந்ததைப் பார்த்தவர் அதே ஃபாஸ்டோ யெரேனாதான். உடலைப் பதப்படுத்த நியூயார்க்குக்கு அனுப்பி, 2017-ல் திரும்பக் கொண்டுவந்து ஒரு குளிரூட்டிய அறையில் வைத்திருக்கிறார்கள். முன்னறையில் சில நிமிடம் நிறுத்தி, சிலர் சிலராகத்தான் உள்ளே விடுகிறார்கள். கழுத்தை முழுக்க நீட்டி மேலே பார்த்தபடி நிற்கிறது. யாரும் பேசவில்லை. தம்பி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான்.

வெளியே வந்ததும், "அக்கா, இன்னொண்ணு தனியா இருக்கறதா சொன்னியே, அது எங்க?" என்றான்.

ஃபெர்னாண்டா. ஃபெர்னாண்டினா தீவில் 1906-ல் ஒரே ஒரு ஆமை கிடைத்தது. அதற்கப்புறம் நூற்றுப் பதிமூன்று ஆண்டுகள் ஒன்றும் இல்லை, அந்த இனம் போய்விட்டது என்றே எண்ணியிருந்தார்கள். 2019 பிப்ரவரியில் எரிமலைக் குழம்பு சூழ்ந்த ஒரு துண்டுப் பச்சையில் ஒரு பெண் ஆமை. மரபணுவைப் பார்த்ததில் அதே இனம் என்று உறுதியானது. இந்த மையத்தில்தான் அவள் இருக்கிறாள், பார்வையாளர்களுக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தீவில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் – சாண்டா குரூஸ் மேட்டு நிலம்

காலையிலேயே சாரல். வாடகைக்கு ரப்பர் காலணி கொடுத்தார்கள். மேட்டுப் பண்ணைகளில் ஆமைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. மாட்டுக்கு வேலி உண்டு, ஆனால் கீழ்க்கம்பியை மட்டும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், ஆமை நுழைந்து போக. வண்டிச் சாலையில் ஒன்று குறுக்கே நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். எட்டு நிமிடம். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

இந்த ஆமைகளுக்கு என்று ஒரு வழித்தடம் இருக்கிறது. மழைக்காலத்தில் கீழே கரையோரம் புதுப்புல் முளைக்கும்போது இறங்குகின்றன. கீழே காய்ந்ததும் இந்தச் சாரல் பசுமைக்கு ஏறி வருகின்றன. பெண்கள் முட்டையிட மறுபடி வறண்ட நிலத்துக்கு இறங்க வேண்டும். கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள், பல கிலோமீட்டர் நடை, ஆண்டு தவறாமல். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள உயிர் மலையேறி இறங்குகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். நடுவில் வீடு, சாலை, வேலி, யானைப்புல். அதனால்தான் அந்தக் கீழ்க்கம்பி எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சாண்டா குரூஸில் ஓர் இனம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2015-ல் கிழக்குப் பக்கத்து ஆமைகள் தனி இனம் என்று மரபணு ஆராய்ச்சி காட்டியது. அதற்கு வைத்த பேர் 'டான்ஃபாஸ்டோய்'. நேற்றுச் சொன்ன அதே ஃபாஸ்டோ யெரேனாதான், 'டான்' என்பது ஸ்பானிய மொழியில் மரியாதைச் சொல். மேற்குப் பக்கத்தது, கிழக்குப் பக்கத்தது, எஸ்பன்யோலாவினது எல்லாமே மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கின்றன.

மதியத்துக்கு முன் ஒரு கொய்யா மரத்தடியில் பெரிய ஆண் ஒன்று. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, நாங்கள் இன்னும் தள்ளியே ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டோம். எங்களைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்தது. அப்போது ஒரு நீண்ட சீறல்.

"லாரி நிக்கும்போது காத்து இறங்குற சத்தம் மாதிரியே இருக்குக்கா."

சரியாகச் சொன்னான். அது கோபம் இல்லையாம். தலையும் காலும் உள்ளே போக இடம் வேண்டும், நுரையீரலில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. பத்து நிமிடம் அசையாமல் இருந்தோம். தலை மெல்ல வந்தது. முகத்தைச் சொல்ல வேண்டும். மேல் தாடையில் கொய்யாப்பழச் சிவப்பு ஒட்டியிருந்தது, மூக்குத் துவாரம் இரண்டும் குண்டூசித் தலையளவு, கண் ஈரமாக, கறுப்பாக, அதில் மரமும் நாங்களும் தெரிந்தோம். கழுத்துத் தோல் பழைய காலணித் தோல் மாதிரி மடிந்து மடிந்து கிடக்க, ஒவ்வொரு மடிப்பிலும் சாரல் துளி.

அப்புறம் ஒரு சின்னப் பறவை வந்தது, கறுப்பு, சிட்டுக்குருவி அளவு. டார்வின் பெயரால் சொல்லும் அந்தக் குருவிகளில் ஒன்று. ஆமையின் முன்னால் வந்து தத்தித் தத்திக் குதித்தது. ஆமை நான்கு கால்களையும் விறைத்து எழும்பி, கழுத்தை முழுக்க நீட்டி, அப்படியே சிலைபோல நின்றுவிட்டது. குருவி தொடை மடிப்பிலும் கழுத்தடியிலும் புகுந்து உண்ணி பொறுக்கியது. இரண்டு நிமிடம் இருக்கும். குருவி பறந்தபின்தான் அந்த உடம்பு மறுபடி தரையில் இறங்கியது.

கிளம்பும்போது வழிகாட்டி தரையைக் காட்டினார். ஆமைச் சாணம், அது முழுக்கக் கொய்யா விதை. நல்ல விதையையும் கெட்ட விதையையும் ஆமை பிரிப்பதில்லை. கொய்யா இங்கே வெளியிலிருந்து வந்து காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் மரம். ஆமைக்குப் பிடித்த தீனி, காட்டுக்குக் கேடு. இதற்கு என்ன வழி என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "வெட்டுகிறோம். மறுபடி முளைக்கிறது. மறுபடி வெட்டுகிறோம்."

நான்காம் நாள் – கடல்

இசபெலா தீவுக்கு இரண்டு மணி நேர விசைப்படகு. இந்த மாதங்களில் கடல் மூர்க்கமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். வெயிலும் டீசல் நெடியும், உட்கார்ந்த இடத்திலிருந்து தூக்கித் தூக்கிப் போட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கப்பல் அடித்தளங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஆமைகளை உயிரோடு தூக்கிப்போய் அடித்தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின. சோறும் தண்ணீரும் இல்லாமல் பல மாதம் சாகாது என்பதே அவற்றுக்கு வினையாயிற்று. மாலுமிகளுக்கு அது கெடாத இறைச்சி. 79 கப்பல்களின் பதிவேடுகளை மட்டும் பிற்காலத்தில் எடுத்துப் பார்த்தார்கள். 1831 முதல் 1868 வரை அவை ஏற்றிப்போனவை சுமார் 13,000 ஆமைகள். அதிலும் பெண்களே அதிகம். முட்டையிடக் கரையோரம் இறங்கி வருவது பெண், தூக்க வசதியாக எடை குறைந்ததும் பெண். மொத்தமாக எல்லாக் கப்பல்களும் எடுத்தது ஒரு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

கரை இறங்கி எலுமிச்சை சாறு குடித்துப் படுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் – இசபெலா

இந்தத் தீவில் ஐந்து பெரிய எரிமலைகள், ஐந்துக்கும் தனித்தனி ஆமை. குழம்பு ஓடி இறுகிய பாறை ஒரு கடல் போல நடுவில் கிடக்க, ஆமைகளுக்கு எரிமலையே தீவு. ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சியெர்ரா நெக்ரா எரிமலையின் ஆமைதான் மோசமாக அடிபட்டது. குடியேறியவர்கள் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் கொன்றார்கள். மனிதருக்குப் பக்கத்தில் இருந்ததுதான் காரணம். புவெர்டோ வில்லமில் ஊரை ஒட்டியிருக்கும் மையத்தில் அவற்றை வளர்க்கிறார்கள். இங்கிருந்து 2018-ல் 123 குஞ்சுகளைத் திருடிப்போயிருக்கிறார்கள்.

வடக்கே இருக்கும் அல்செடோ எரிமலையின் கதையை இங்கே கேட்டேன், மனதை விட்டுப் போகவில்லை. அங்கே ஆறும் குளமும் இல்லை. உச்சியில் இருக்கும் மரங்கள் சாரல் மேகத்தை இலையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். சொட்டுத் தண்ணீர் தேங்கிக் குட்டை ஆகும். வறண்ட மாதங்களில் ஆமைகளெல்லாம் அந்தக் குட்டையில் வந்து கூடிக் கிடக்கும். 1970-களில் தெற்கிலிருந்து ஆடுகள் பாறைக் கடலைத் தாண்டி வந்துவிட்டன. இருபது ஆண்டில் லட்சம் ஆடுகள். பட்டையை உரித்தன, செடியைத் தின்றன, மரம் செத்தது. மரம் போனதும் மேகத்தைப் பிடிக்க ஆளில்லை, குட்டை வற்றியது.

1997-ல் தொடங்கி 2006 வரை ஆடுகளைச் சுட்டார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும். கடைசியில் மிஞ்சியவை குகையில் ஒளிந்தன. அதற்கு 'யூதாஸ் ஆடு' என்று ஒரு ஏற்பாடு. பெண் ஆடு ஒன்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டால் அது தன் இனத்தைத் தேடிப் போகும். பின்னாலேயே போய் மற்றதைச் சுட்டுவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவார்கள். அது மறுபடி தேடிப் போகும். கேட்கவே கஷ்டமாக இருந்தது. ஆட்டின்மேல் என்ன தப்பு, கொண்டுவந்து விட்டவன் மனிதன். ஆனாலும் அந்த எரிமலையில் மரம் மறுபடி துளிர்த்ததும் குட்டையில் தண்ணீர் நின்றதும் ஆடு போனபின்தான். எனக்கு இதில் சுலபமான பதில் இல்லை, ஆனால் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் சைக்கிளில் கண்ணீர்ச் சுவர் வரை போனோம். 1946 முதல் 1959 வரை இங்கே சிறைக் குடியிருப்பு, கைதிகளை வைத்து ஒரு காரியமும் இல்லாமல் எரிமலைக் கல்லில் கட்ட வைத்த சுவர். போகும் வழியெல்லாம் மையத்திலிருந்து விட்ட ஆமைகள் புதரோரம் மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், பதினொன்று.

ஆறாம், ஏழாம் நாள்

விடியற்காலைப் படகில் சாண்டா குரூஸ், மதியப் படகில் சான் கிறிஸ்டோபல். எஸ்பன்யோலாவுக்கு மறுநாளே போக வேண்டியது. நாங்கள் பணம் கட்டியிருந்த பயண முகவர், ஆள் சேரவில்லை என்று இரவு எட்டு மணிக்குத்தான் சொன்னார். ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நாளை மறுநாள் ஊருக்கு விமானம். தம்பி, "விடுக்கா, நாளைக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் பதற்றம்தான்.

எட்டாம் நாள் – எஸ்பன்யோலா

போய்விட்டோம்.

கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். தூரத்தில் தட்டையாக ஒரு பழுப்புக் கோடு, அதுதான் தீவு. மலை இல்லை, மேகம் இல்லை, குடிநீர் இல்லை, மனிதர் வாழ்வதில்லை. மேற்கு முனையில் சுவாரஸ் முனை என்ற இடத்தில் இறங்கவிடுகிறார்கள். கால் வைக்கும் கல்லில் கடல்சிங்கக் குட்டி படுத்திருந்தது, சுற்றிப் போனோம். கறுப்புப் பாறை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கடல் உடும்புகள்.

வழிகாட்டி உள்ளூர்ப் பெண், நாற்பது வயது இருக்கும். ஆமையைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் கேட்டேன். அவர் உள்பக்கம் கையைக் காட்டினார். "அவை அங்கே இருக்கின்றன. பார்வையாளர் பாதை அங்கே போகாது." அவ்வளவுதான். வெள்ளைக் கற்கள் நட்ட பாதையை விட்டு ஓரடி விலகக்கூடாது.

எனவே நடந்தோம். பாதை முழுக்க அல்பட்ராஸ் பறவைகள். இந்த வகை அல்பட்ராஸ் உலகில் கூடு கட்டுவது ஏறக்குறைய இந்த ஒரு தீவில் மட்டும், அதுவும் மிக அருகிய பட்டியலில்தான் இருக்கிறது. பழுப்புப் பஞ்சு உருண்டை மாதிரி குஞ்சு ஒன்று, பக்கத்தில் தாய். வாத்தை விடப் பெரிய பறவை, இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். அதனால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது. ஓட வேண்டும். ஒன்று எங்கள் கண்முன்னே ஓடியது. தள்ளாடி, தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டு, வெறும் தரையாகக் கிடந்த ஒரு நீளமான இடத்தில் தடதடவென்று ஓடி, பாறை விளிம்பு வந்ததும் குதித்தது. ஒரு நொடி காணோம். அப்புறம் விளிம்புக்குக் கீழிருந்து காற்றில் எழும்பி வந்தது, அதே பறவை என்று நம்ப முடியவில்லை.

"இந்த வெற்றிடத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் வழிகாட்டி. ஆடுகளை 1978-ல் இந்தத் தீவிலிருந்து ஒழித்ததும் தின்ன ஆளில்லாமல் முட்புதர் மண்டிவிட்டதாம். உள்நிலத்தில் பறவைகள் ஓடுவதற்கும் இறங்குவதற்கும் இடமில்லாமல் போயிற்று. அந்தப் புதரை மிதித்து, தின்று, உழுதுகொண்டு போக ஒரு காலத்தில் ஆமைகள் இருந்தன. இப்போது மறுபடி இருக்கின்றன. ஆமை நிறைய இருக்கும் இடங்களில் புதர் குறைந்து புல் கூடுவதாகவும், கள்ளி மீண்டும் முளைப்பதாகவும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆமை கள்ளிப்பழத்தைத் தின்கிறது, நடந்துபோய் வேறிடத்தில் விதையைப் போடுகிறது. பதினைந்தைத் திருப்பி விட்டபோது இங்கே சுமார் 2300 ஆமைகள் என்று பூங்கா கணக்குச் சொன்னது. நான் அதுவரை ஆமைக்காக ஆமையைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்திருந்தேன். இந்தப் பறவை ஓடிய ஓட்டத்தைப் பார்க்கும் வரை.

தெற்குப் பாறையில் கடல் ஒரு துளை வழியாகப் பீறிட்டு, பனைமர உயரத்துக்கு நீரை எறிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்நிலத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். தம்பி பெரிய லென்ஸை மாட்டி என் கையில் கொடுத்தான். இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினேன். முட்புதர். கல். வெயிலில் நடுங்கும் காற்று. தூரத்தில் ஒரு கள்ளி மரம், மரம்போலவே அடிமரம் தடித்தது. அதன் கீழே கருப்பாக ஏதோ.

"அசையுதா?"

"தெரியலடா."

"கல்லா இருக்கும்."

"இருக்கும்."

கேமராவை அவனிடம் கொடுத்தேன். அவன் பார்த்தான், மறுபடி எனக்குக் கொடுத்தான். அரை மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். படகுக்கு நேரமாகிவிட்டது என்று வழிகாட்டி கூப்பிட்டார். எழுந்தபோது கள்ளியின் நிழல் நகர்ந்திருந்தது. அந்தக் கருப்பு அதே இடத்தில்தான் இருந்தது.